மவுஸ்களைப் பூட்டிவைத்த மேடம்

என் பணிநிறைவு விழாவில் பேசிய எல்லோரும் நான் நேரம் தவறாதவள் என்று பாராட்டினார்கள். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் காலைப் பேருந்துதான் நேரம் தவறாதது. நான் அதில் ஏறி வந்தேன், அவ்வளவுதான். இதை மேடையில் சொல்ல எனக்கு வாய்ப்புத் தரவில்லை. சால்வை போட்டுப் பழத்தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

விழா முடிந்து வடை சாப்பிடும்போது எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். அவள் கடிதங்களைக் கையால் அடிப்பதில்லை. செல்போனிடம் வாயால் சொல்வாள், அது எழுதிக்கொள்ளும். "ஒங்க மேசையில இருக்க மவுஸுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கலையே மேடம், ஏன்?" என்று கேட்டாள். பழக்கம்தான் என்று சொல்லி வைத்தேன். பதில் சரிதான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியை வடையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

நான் தட்டச்சு படித்தது ஆலங்குடியில். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, முந்திரி வியாபாரம். பெண்பிள்ளை சும்மா இருக்கிறதே என்று பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த பயிலகத்தில் சேர்த்துவிட்டார். தமிழிலும் ஆங்கிலத்திலும் உயர்நிலை தேறினேன், தேர்வு எழுதினேன், புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சில வருடங்களுக்குப் பிறகு கணினி வந்தது. அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்றார்கள். முதல் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மவுஸுக்கும் வைத்தோம். அந்தக் காலத்து மவுஸின் அடியில் ஓர் உருண்டை இருக்கும். சந்தனம் அதற்குள் போய்க் காய்ந்து, பொங்கல் வரைக்கும் அது உருளவில்லை. மவுஸோடு எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவே.

பிறகு எல்லா மேசைக்கும் கணினி வந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக வள்ளியம்மை மேடம் வந்தார்.

மேடத்துக்குச் சொந்த ஊர் அரிமளம். கணவர் காலமாகியிருந்தார். கல்லூரியில் படிக்கும் ஒரே மகள், பெயர் மீனாள். மேடம் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மட்டும் திருப்ப மாட்டார், தலையையே முழுதாகத் திருப்புவார். அதில் ஒரு கம்பீரம் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வந்த முதல் நாள் ஒவ்வொரு மேசையாகப் போய் மவுஸைக் கழற்றி வாங்கினார். வால்களைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் வரிசையாக அடுக்கி, பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே விசைப்பலகைதான்" என்றார். காரணம் கேட்டதற்கு, கை அங்கிட்டும் இங்கிட்டும் போய்வரும் நேரத்தில் இன்னொரு வரி அடிக்கலாம் என்றார்.

வேறு சில விதிகளும் வந்தன. எழுந்து போகிறவர்கள் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். இழுப்பறையைத் திறந்துபோட்டுவிட்டு நகரக் கூடாது. குப்பைக்கூடை நடைவழியில் இருக்கக் கூடாது. சாப்பாட்டுப் பையைத் தரையில் வைக்கக் கூடாது. நான் வேலை பார்த்த இடங்களிலேயே ஒழுங்கான இடம் அதுதான்.

தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் ஒரு குறுக்குவிசை சொல்லுவார். அன்று முழுக்க அதைப் பழக வேண்டும். கன்ட்ரோலோடு எஸ், அடித்ததைக் காப்பாற்றும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் முதலில் படிக்க வேண்டியது அதுதான். ஆல்ட்டோடு டேப், ஒரு கடிதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கன்ட்ரோலோடு ஹோம் அடித்தால் அறிக்கையின் தலைமாட்டுக்கும், கன்ட்ரோலோடு எண்ட் அடித்தால் கால்மாட்டுக்கும் போகலாம். கன்ட்ரோலோடு எஃப், தேடும் சொல்லில் கொண்டுபோய் நிறுத்தும். நாங்கள் அடிக்கும்போது பின்னால் நின்று விசைகளின் சத்தத்தைக் கேட்பார். தவறான விசை என்றால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. "ரெண்டு விசை போதுமே, ஏன் அஞ்சு கேட்டுச்சு?" என்பார்.

எங்களில் இதற்கு மசியாதவர் உதவியாளர் பழனிவேல் ஒருவர்தான். வீட்டிலிருந்து சொந்த மவுஸ் ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து, கோப்புக்குப் பின்னால் மறைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். மேடம் தன் இடத்திலிருந்தே தலையைத் திருப்பினார். "பழனிவேல், டிக்குடிக்குங்குதே, அது சாப்பாட்டுக்குத் தொட்டுக்கறதா?" என்றார். அதற்குப் பிறகு அவர் கொண்டுவரவில்லை.

அந்தப் பழனிவேல்தான் கன்ட்ரோலோடு எச் படித்த அன்று ஒரு காரியம் செய்தார். ஒரு சொல்லை அறிக்கை முழுக்க ஒரே தட்டில் வேறு சொல்லாக மாற்றும் விசை அது. அவர் ஒரு நீண்ட அறிக்கையில் மேலப்பட்டி என்று அடிக்க வேண்டியதை எல்லா இடத்திலும் மேலக்குடி என்று அடித்திருந்தார். ஊர்ப்பெயரை முழுதாக அடிக்கச் சோம்பல்பட்டு, 'குடி' என்பதை எல்லாம் 'பட்டி' ஆக்கு என்று கட்டளை கொடுத்துவிட்டார். அறிக்கை, குடிநீரைப் பற்றியது. மேடம் கைக்கு வந்தபோது அதில் மேலக்பட்டி மக்களுக்குப் பட்டிநீர் கிடைக்கவில்லை, ஆலங்பட்டி சாலையில் உள்ள பட்டியிருப்புகளுக்கும் பட்டிநீர் போகவில்லை என்று இருந்தது. மேடம் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார். பிறகு, "கன்ட்ரோல் இசட் போடுங்க. ஊர்ப்பேரை முழுசா அடிச்சு மாத்துங்க" என்றார். பழனிவேல் ஒரு வாரம் தண்ணீர் கேட்கவே கூச்சப்பட்டார்.

ஆறு மாதத்தில் எங்கள் விரல்கள் எங்களைக் கேட்காமலே வேலை செய்ய ஆரம்பித்தன. சாயங்காலம் வரை இழுத்த கடிதங்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தன. இந்தப் பிரிவில் வேலையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து மற்றப் பிரிவுக்காரர்கள் தங்கள் வேலையையும் எங்களுக்கு அனுப்பினார்கள். வேகமாக வேலை செய்வதால் கிடைக்கும் பலன் எல்லா அலுவலகத்திலும் இதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நல்ல வெயில். அரிமளம் பேருந்து புறப்பட நின்றது. அதன் முன்னால் மேடம் நின்றிருந்தார். அவருக்கும் அன்று ஏதோ வேலை இருந்திருக்கிறது. நான் பின்னால் போய் நின்றேன். ஆள் நிற்பது தெரிந்ததும் திரும்பாமலே, "இது அரிமளம் போகுதுங்களா?" என்று கேட்டார்.

பேருந்தின் நெற்றியில் அரிமளம் என்று சாண் உயரத்துக்கு எழுதியிருந்தது.

"ஆமாங்க மேடம்" என்றேன்.

"யாரு, நசீமாவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போர்டு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு" என்றார்.

நான் ஆலங்குடிக்குப் போக வேண்டியவள். அரிமளம் பேருந்தில் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் அவராகவே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகும் நோயாம். மதுரையில் காட்டும்போதே முக்கால்வாசி போயிருந்ததாம். அது ஓரத்திலிருந்து அரிக்கும் நோய், அதனால் போனதே தெரியவில்லை என்றார். அவருடைய அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போயிருக்கிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

"ஊதாங்குழல் வழியாப் பாக்குற மாதிரி இருக்கும் நசீமா. குழலுக்குள்ள இருக்கறது மட்டும், அதுவும் மங்கலாத் தெரியும். சுத்தி இருக்கறது தெரியாது. அந்த மவுஸ் அம்பு எங்க நிக்கிதுன்னு தேடிப் பிடிக்கிறதுக்குள்ள ஒரு மனுவுக்குப் பதில் அடிச்சு முடிச்சிரலாம். விரலுக்குக் கண்ணு வேணாம்" என்றார்.

தான் மட்டும் மவுஸைத் தொடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். பிரிவில் யாருமே தொடாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் பீரோ. நாற்காலியும் குப்பைக்கூடையும் எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, சட்டம் இருக்கிறதே மேடம் என்று ஆரம்பித்தேன். பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு டிரைவருக்குக் கை போனபோது அவரை வேலையில் தொடரவைத்த உத்தரவை அடித்ததே மேடம்தானாம். அவருக்கிருந்த பயம் வேறு. மீனாளுக்குத் திருமயத்தில் ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் நிச்சயம். "தாத்தாவுக்குப் போச்சு, அம்மாவுக்குப் போச்சுன்னா அந்த வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?" என்றார்.

"மீனாள் கண்ணை டாக்டர்கிட்ட காட்டியாச்சாங்க மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீனாளுக்கு இது எதுவும் தெரியாது என்பதும், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் உடனே பார்க்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார் என்பதும் அரிமளத்தில் இறங்குவதற்குள் தெரிந்துகொண்டேன். "கல்யாணம் முடியட்டும்" என்றார் மேடம். "அதுவரைக்கும் கண்ணு காத்துக்கிட்டு இருக்குமாங்க?" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் குறுக்குவிசை தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஆனால் அந்த வாரத்திலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் மக்கள் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் கையெழுத்தில் இருக்கும். அதுவும் பேனா தீர்ந்துபோகிற நேரத்தில் எழுதியவையாக இருக்கும். அவற்றை நான் கணினியில் அடித்து வைத்துவிடுவேன். மேடம் தன் மேசையில் அதைத் திறந்து, எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிப் படித்துவிட்டுக் குறிப்பு எழுதுவார். ஒரு மனுவைக்கூடப் படிக்காமல் அவர் தள்ளியதில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆடி மாதத்தில் எங்கள் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அவர் அப்போதுதான் மாற்றலாகி வந்த இளைஞர். கடிதத்தில் இரண்டு புகார்கள். ஒன்று, கண்காணிப்பாளர் அரசுக்குச் சொந்தமான மவுஸ்களைப் பூட்டி வைத்திருக்கிறார். இரண்டு, மனுக்களைக் கையில்கூட எடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார். அதிகாரி விசாரிக்க நேராகப் பிரிவுக்கே வந்துவிட்டார். மேடத்தின் மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதலில் சில பழைய கோப்புகளைக் கேட்டார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் மேடத்தின் விரல்கள் நாலு தட்டுத் தட்டும், கோப்பு திரையில் நிற்கும். போன வருடத்து மனு ஒன்றைக் கேட்டார். அதற்கு அனுப்பிய பதில், அதற்கு வந்த பதில், இரண்டும் பக்கம் பக்கமாக வந்து நின்றன. அதிகாரி குனிந்து, "இப்ப எதை அமுக்குனீங்க?" என்று கேட்டு ஒரு குறுக்குவிசையைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார். விசாரணை நல்லபடியாக முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அப்போது அவர் சட்டைப்பையிலிருந்து அந்த மொட்டைக் கடிதத்தையே எடுத்து மேடத்திடம் நீட்டினார். "இதைப் படிச்சுட்டு நீங்களே பதில் சொல்லிருங்க" என்றார். கோடு போட்ட தாள். பொடிப்பொடியான கையெழுத்து. மேடம் வாங்கினார். முகத்துக்கு நேரே கொண்டுபோனார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். தாளை ஜன்னல் பக்கம் திருப்பினார். பிரிவில் யாருடைய விசைப்பலகையிலும் சத்தம் இல்லை.

நான் எழுந்தேன். "நான் படிக்கிறேங்க சார்" என்றேன்.

"உக்காருங்க நசீமா" என்றார் மேடம். தாளை மேசையில் வைத்தார். "எனக்குக் கண்ணு கொஞ்சந்தான் தெரியும் சார். இதை என்னால படிக்க முடியாது. மவுஸ் எல்லாம் பீரோவுல இருக்கு, அது உண்மை. மனுவைப் படிக்காமக் கையெழுத்துப் போட்டேங்கறது உண்மை இல்ல."

எந்த மனுவைப் பற்றி வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றார். அதிகாரி கேட்கவில்லை. பிரிவில் எல்லோரும் பழனிவேலைப் பார்த்தோம். அவர் முகம் வெளிறி, தான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி கடிதத்தை மேடத்துக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்து முடித்தார். மேடம் கேட்டுவிட்டு, "இது பழனிவேல் இல்லைங்க சார். அவர் இவ்வளவு சுருக்கமா எழுத மாட்டார்" என்றார். எழுதியது யார் என்று இன்று வரைக்கும் தெரியாது.

அதிகாரி கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மேடம் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல ஹெட்போன் வேண்டும் என்றார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது என்பதை அவர் எப்போதோ விசாரித்து வைத்திருந்தார். அதுவும் விசைகளால் மட்டுமே இயங்குவது. மருத்துவச் சான்று, மேலிடத்துக்கு அறிக்கை எல்லாம் முறைப்படி நடந்தன. மவுஸ்களை மேசைக்குத் திருப்பித் தரச் சொல்லியும் உத்தரவு வந்தது. பழனிவேல் தவிர யாரும் அவற்றைத் தொடவில்லை. பழனிவேலும் சில நாட்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். மென்பொருள் மனுக்களை ரயில் நிலைய அறிவிப்புப் போல வாசித்தது. மேடம் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், எங்களில் யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாத வேகத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்.

விசாரணை நடந்த அன்று மதியமே மேடம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். பிரிவில் அத்தனை பேர் காதில் விழுந்த செய்தி, அரிமளத்துக்கு அடுத்த பேருந்தில் போய்விடும். அதற்கு முன் தான் போக வேண்டும் என்றார். என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

மீனாள் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், அலுவலகக் குறிப்பு சொல்வது போல, ஆரம்பத்திலிருந்து வரிசையாக. மீனாள் அழவில்லை. கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "எப்பருந்து?" என்று கேட்டாள். மேடம் சொன்னார். "மதுரைக்கு நாளைக்கே போவோம்" என்றாள்.

நானும் போனேன். ஒரு கிண்ணத்துக்குள் பார்க்கிற மாதிரி ஒரு கருவி. உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நடுவில் வந்ததற்கெல்லாம் மீனாள் சரியாக அமுக்கினாள். ஓரத்தில் வந்த சிலவற்றுக்கு அமுக்கவில்லை. அங்கே வெளிச்சம் வந்தது என்பதே அவளுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஆரம்ப நிலைதான், போனது திரும்பாது, இருப்பதை நிறுத்தி வைக்கலாம், தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், ஆயுசுக்கும் விட வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் சில வருடங்கள் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றும் சொன்னார்.

மேடம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் காபி வாங்கி வந்து கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார். "நீ அன்னிக்கே கேட்ட" என்றார். அவர் என்னை நீ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

திருமயத்துக்குத் தகவலை நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றது மீனாள்தான். மூவருமாகப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா இடியாப்பம் வைத்தார். மீனாள் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இன்னும் ஒரு இடியாப்பம் வைத்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுத் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கொடும்பாளூரிலிருந்து வேறொரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்றே மீனாள் விஷயத்தை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டாள். கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி, அந்தச் சொட்டு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டுமா என்பது. இரண்டு மருந்தில் ஒன்றை வைக்க வேண்டும் என்றாள் மீனாள். அவர்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

மேடம் பணிக்காலம் முடியும் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். இப்போது மகள் வீட்டில் கொடும்பாளூரில் இருக்கிறார். பார்வை அநேகமாக முழுதும் போய்விட்டது. கணினியில் இன்னும் எல்லா வேலையும் செய்கிறார். மீனாளின் மாமியாருக்கு மின்கட்டணம் கட்டுவதுகூட அவர்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அன்று மீனாளும் அவள் கணவரும் மதுரைக்கு வருடாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தார்கள். மேடம் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார். சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். மீனாள் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அப்படியேதாம்மா இருக்காம். போன வருஷம் எப்படியோ அப்படியே."

மேடம் எழுந்து சுவரைத் தொட்டபடி அடுப்படிக்குப் போனார். பால் காலையிலேயே வாங்கி வைத்திருந்தார்கள், சேமியாவும் வறுத்துத் தயாராக இருந்தது. பாயசம் குடித்துவிட்டுத்தான் நான் பேருந்து ஏறினேன்.